பதினாறு வயதில் பாதி வாக்குச்சீட்டு: பெர்க்லி, ஓக்லாண்ட் பள்ளிகளில் வாக்கைக் கற்பித்தல்

2024 நவம்பர் 5 அன்று, கலிபோர்னியாவின் பெர்க்லி, ஓக்லாண்ட் நகரங்களில் 16, 17 வயதுப் பிள்ளைகள் முதல்முறையாகச் சட்டப்படி செல்லும் வாக்கைப் பதிவு செய்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த சீட்டில், ஊர்ப் பொதுப் பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி வாரியத்தின் உறுப்பினர் தேர்தல் மட்டுமே இருந்தது. அதே வீட்டில் அப்பா அம்மாவுக்கு வந்த சீட்டோ பல பக்கம் நீண்டது. அதிபர், செனட்டர், நகரப் பதவிகள் எல்லாம் போக, மக்கள் நேரடியாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லவேண்டிய தீர்மானங்களும் அதில் வரிசையாக இருந்தன.

இந்தத் தீர்மானங்களை அங்கே மெஷர் என்கிறார்கள். மாநிலம் முழுவதற்குமானது என்றால் பிராப்பொசிஷன், அதற்கு எண் உண்டு. நகரம், கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), பள்ளி மாவட்டம் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அளவிலானது மெஷர், அதற்கு எழுத்து. புதிய வரி போடலாமா, பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா, நகரச் சட்டத்தைத் திருத்தலாமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கு நேர் இணை கிடையாது. கிராம சபையில் தீர்மானம் போடுகிறோம், ஆனால் வீட்டு வரியை உயர்த்தலாமா என்று ஊர் முழுவதும் வாக்குச்சீட்டில் குத்தி முடிவு செய்வதில்லை.

பெர்க்லியின் 2024 சீட்டில் மெஷர் எச் என்று ஒன்று இருந்தது. நகரப் பள்ளிகளுக்கென்றே கட்டடப் பரப்பளவைக் கணக்கிட்டு வசூலிக்கும் சிறப்பு வரியைப் புதுப்பிப்பதற்கான தீர்மானம் அது. 1986 முதல் அந்த ஊர் மக்கள் திரும்பத் திரும்ப வாக்களித்து உயிரோடு வைத்திருக்கும் வரி. வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பது, நூலகம், இசை வகுப்பு எல்லாம் இந்தப் பணத்தில் நடக்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது, கிடைத்தது. ஆனால் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 16 வயது மாணவர், வாரியத்தில் யார் உட்காரலாம் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அந்த வாரியத்திடம் செலவு செய்யப் பணம் இருக்குமா என்ற கேள்வி அவர் சீட்டில் இல்லை.

இந்த ஆய்வின் மையம் இந்த இடம்தான். பள்ளிகளில் வாக்கு பற்றிப் பாடம் நடத்தும்போது வேட்பாளர்களையும் கட்சிகளையும் அரசமைப்பையும் வைத்தே நடத்துகிறோம். உள்ளூர் தீர்மானங்கள் கடைசி நாளில் பத்து நிமிடம் பெறுகின்றன. இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. வாக்கின் உள்வேலை முழுவதையும், அதாவது பணம், சட்டம், சொல், கணக்கு, நம்பிக்கை எல்லாவற்றையும், ஒரே பக்கத்தில் காட்டக்கூடியது உள்ளூர் மெஷர்தான்.

எட்டு ஆண்டு இடைவெளி

முதலில் இந்த உரிமை வந்த கதை. அமெரிக்க அரசமைப்பின் 26-வது திருத்தம் 1971-இல் வந்தது. 18 வயதானவருக்கு வயதைக் காரணம் காட்டி வாக்கை மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்குக் கீழே உள்ளவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அந்த இடைவெளியில் முதலில் நுழைந்தது மேரிலாந்து மாநிலத்தின் டகோமா பார்க் என்ற சிறு நகரம். 2013-இல் அது நகரத் தேர்தல்களில் 16 வயதுக்கே வாக்குரிமை கொடுத்தது. அந்த ஆண்டுத் தேர்தலில், பதிவு செய்திருந்த 16, 17 வயதினர் வாக்களித்த விகிதம் நகரத்தின் மொத்த விகிதத்தை விடப் பல மடங்கு அதிகமாக இருந்தது.

பெர்க்லி 2016 நவம்பரில் மெஷர் ஒய்-1 என்ற பெயரில் இதை மக்கள் முன் வைத்தது. பள்ளி வாரியத் தேர்தலுக்கு மட்டும் என்று வரம்பு கட்டியிருந்தார்கள். சுமார் 70 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். அதே நாளில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறு கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரம் எல்லா நகரத் தேர்தல்களிலும் 16 வயதுக்கு வாக்குரிமை கேட்டது. நகரத் தீர்மானங்களும் அதில் அடக்கம். சுமார் 48 சதவீதம்தான் கிடைத்தது, தோற்றது. 2020-இல் மறுபடி கேட்டார்கள், 49 சதவீதம், மறுபடி தோல்வி. பெர்க்லி வழியில் போன ஓக்லாண்ட் 2020-இல் மெஷர் கியூகியூவை மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான ஆதரவுடன் நிறைவேற்றியது. பாதி கேட்டவர்களுக்குக் கிடைத்தது, முழுசாகக் கேட்டவர்களுக்கு நூலிழையில் நழுவியது. இந்த முயற்சிகளின் பின்னால் மாணவர்களே இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வாரியக் கூட்டங்களிலும் நகர மன்றத்திலும் மைக் முன் நின்று பேசியது அவர்கள்தான்.

ஆனால் தீர்மானம் நிறைவேறியதும் வாக்கு கைக்கு வந்துவிடவில்லை. ஒய்-1 நகர மன்றத்துக்கு அனுமதி கொடுத்தது, அவ்வளவுதான். தேர்தலை நடத்துவது அலமீடா கவுண்டியின் தேர்தல் பதிவாளர் அலுவலகம். ஒரே போட்டி மட்டும் உள்ள தனிச் சீட்டு, அதற்கேற்ற மென்பொருள், 18 வயதுக்குக் கீழ் முன்பதிவு செய்தவர்களைப் பிரித்தெடுக்கும் முறை, அதற்கெல்லாம் யார் செலவு செய்வது என்ற பேச்சு என்று ஆண்டுகள் ஓடின. 2018, 2020, 2022 தேர்தல்கள் கடந்தன. ஒய்-1 நிறைவேறியபோது 16 வயதாக இருந்தவருக்கு 2024-இல் 24 வயது.

இந்தத் தாமதத்தையே முதல் வகுப்பாக நடத்தலாம் என்பேன். மக்கள் ‘ஆம்’ என்று சொன்ன பிறகு அது யார் மேசைக்குப் போகிறது, எந்த அலுவலகம் எந்த அலுவலகத்துக்காகக் காத்திருக்கிறது, நகரம் போட்ட முடிவைக் கவுண்டி எப்படிச் செயல்படுத்துகிறது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

முப்பது பேர் வகுப்பில் பதினேழு கைகள்

கற்பிக்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த இணை, 2014 நவம்பர் 4 அன்று நடந்த இரண்டு வாக்கெடுப்புகள். பெர்க்லியில் மெஷர் டி, சான் பிரான்சிஸ்கோவில் பிராப்பொசிஷன் ஈ. (சான் பிரான்சிஸ்கோ தன் நகரத் தீர்மானங்களையும் பிராப்பொசிஷன் என்றே அழைக்கும்.) இரண்டும் சர்க்கரை சேர்த்த பானங்கள் மீது வரி. பெர்க்லி ஒரு அவுன்சுக்கு (சுமார் 30 மி.லி.) 1 சென்ட் கேட்டது, சான் பிரான்சிஸ்கோ 2 சென்ட் கேட்டது. பெர்க்லியில் சுமார் 76 சதவீதம் ஆதரவு. அமெரிக்க நகரம் ஒன்றில் மக்கள் வாக்களித்து வந்த முதல் சோடா வரி அப்படித்தான் பிறந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஏறக்குறைய 55 சதவீதத்துக்கும் மேல் ‘ஆம்’ என்றார்கள். அது தோற்றுப்போனது.

மாணவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். பாதிக்கு மேல் வாங்கியது எப்படித் தோற்கும்?

30 பேர் உள்ள வகுப்பில் 17 பேரைக் கை உயர்த்தச் சொல்லுங்கள். ஏறக்குறைய 57 சதவீதம். பொது வரி என்றால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும், 16 கை இருந்தாலே வெற்றி. பள்ளிக் கட்டடக் கடன் பத்திரம் என்றால் 55 சதவீதம் தேவை, 17 கைகளோடு அதுவும் வெற்றி. குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கிய சிறப்பு வரியை நகர மன்றமோ பள்ளி மாவட்டமோ கொண்டுவந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதாவது 20 கை. அங்கே 17 தோல்வி. கைகள் மாறவில்லை, கேட்கும் கேள்வியின் வகைதான் மாறியது.

இந்த எல்லைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1978-இல் வந்த பிராப்பொசிஷன் 13, சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது, சிறப்பு வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு என்ற தடையையும் வைத்தது. 1996-இன் பிராப்பொசிஷன் 218 உள்ளூர் வரிகளை மேலும் இறுக்கி, பொது வரியையும் மக்கள் வாக்குக்கு அனுப்பவேண்டும் என்றது. 2000 நவம்பரில் பிராப்பொசிஷன் 39 பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு மட்டும் எல்லையை 55 சதவீதமாக இறக்கியது. அதற்கு ஈடாக, பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்கும் குடிமக்கள் குழு வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. 2024-இல் வீட்டு வசதி, பொதுக் கட்டமைப்புக் கடன்களுக்கும் 55 சதவீதம் போதும் என்று பிராப்பொசிஷன் 5 கேட்டது, மாநில மக்கள் மறுத்துவிட்டார்கள். தேதிகளை மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். ஒவ்வொரு எல்லையும் யாரோ கேட்டு, மக்கள் வாக்களித்து வந்தது என்பது மாணவருக்குப் புரிந்தால் சரி.

அப்புறம் இன்னும் ஆழமான கேள்விக்குப் போகலாம். சான் பிரான்சிஸ்கோ பணம் எதற்குப் போகும் என்று எழுதி உறுதி கொடுத்தது: பிள்ளைகளின் உணவு, உடல்நலம், விளையாட்டு. எழுதிக் கொடுத்ததால்தான் அது சிறப்பு வரி ஆனது, 20 கை தேவைப்பட்டது. பெர்க்லி எழுதிக் கொடுக்கவில்லை. பணம் நகரத்தின் பொது நிதிக்குப் போகும், ஒன்பது பேர் கொண்ட வல்லுநர் குழு ஆலோசனை சொல்லும், நகர மன்றம் முடிவெடுக்கும் என்று வைத்தது. எனவே பொது வரி, 16 கை போதும். உறுதி கொடுத்தால் வெல்வது கடினம், கொடுக்காவிட்டால் எளிது என்று சட்டம் இருக்கும்போது, நேர்மையான தீர்மானம் எது? நகர மன்றத்தை நம்பலாமா? பெர்க்லியில் நம்பினார்கள். பின்னர் அந்தப் பணத்தில் ஒரு பகுதி பள்ளிகளின் சமையல், தோட்ட வகுப்புகளுக்கே போனது. இன்னொரு ஊரில் அப்படிப் போகும் என்று சட்டப்படி யாரும் உத்தரவாதம் தர முடியாது. இந்த விவாதத்துக்கு ஒரு முழு வகுப்பு நேரம் ஒதுக்கவேண்டும். ஆசிரியர் முடிவு சொல்லாமல் மணி அடித்தால் இன்னும் நல்லது.

அதே சமயம் எல்லாவற்றையும் எல்லைக் கணக்கில் போட்டுவிடக் கூடாது. 2 சென்டுக்கும் 1 சென்டுக்கும் வித்தியாசம் உண்டு. இரு நகரங்களின் அளவும் வேறு. எதிர்ப்பில் பானத் தொழில் சங்கம் பெர்க்லியில் சுமார் 24 லட்சம் டாலர் செலவழித்தது, சான் பிரான்சிஸ்கோவில் 90 லட்சம் டாலருக்கும் மேல். ‘எந்தக் காரணம் எவ்வளவு?’ என்று பிரித்துப் பார்க்கச் சொல்வதும் பாடத்தின் பகுதி. 2016-இல் சான் பிரான்சிஸ்கோ திரும்பி வந்தது. இந்த முறை 1 சென்ட், பொது வரி. 62 சதவீதம், வெற்றி. பாடம் கற்றுக்கொண்ட நகரம் என்று மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அந்த 2016 தேர்தலில் ஓக்லாண்டிலும் சோடா வரி மெஷர் இருந்தது. எதிர்த்தவர்கள் அதை ‘மளிகை வரி’ என்று விளம்பரம் செய்தார்கள். தபாலில் வரும் வண்ணத் துண்டறிக்கையைப் படிப்பது எப்படி என்று கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டாம். மெஷரின் முழு உரையை எடுத்து வையுங்கள். யார் மீது வரி என்று எழுதியிருக்கிறது? இனிப்புப் பானங்களை விநியோகிப்பவர் மீது. மளிகை எங்கிருந்து வந்தது? விநியோகிப்பவர் அந்தச் செலவைக் கடைக்குத் தள்ளினால், கடைக்காரர் அதை வேறு பொருள்களின் விலையில் ஏற்றலாம் என்ற வாதத்திலிருந்து. வாதம் முற்றிலும் ஆதாரமற்றதா, பாதி உண்மையா, பயமுறுத்தலா என்று மாணவரே எடைபோடட்டும். துண்டறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் யார் பணம் கொடுத்தது என்று இருக்கும். அதைத்தான் முதலில் படிக்கப் பழக்க வேண்டும்.

கதை அங்கே முடியவில்லை. 2018 ஜூனில் பானத் தொழில் மாநில அளவில் ஒரு தீர்மானத்தை வாக்குச்சீட்டுக்குக் கொண்டுவரக் கையெழுத்துகள் சேர்த்திருந்தது. உள்ளூர் வரி எதுவானாலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பது அதன் உள்ளடக்கம். நகரங்கள் நடுங்கின. சட்டமன்றம் சமரசத்துக்கு வந்தது: 2031 வரை புதிய சோடா வரி எந்த நகரத்திலும் கூடாது, அதற்கு ஈடாகத் தீர்மானம் திரும்பப் பெறப்படும். கவர்னர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்டார். ஏற்கனவே இருந்த வரிகள் தப்பின. உள்ளூரில் வென்றதை மாநிலம் மேலிருந்து மூடலாம் என்பதையும், வாக்குச்சீட்டுக்கு வராத தீர்மானம்கூட வெறும் மிரட்டலாக நின்று சட்டத்தை மாற்றலாம் என்பதையும் இந்த ஒரு நிகழ்வு காட்டிவிடுகிறது.

பெர்க்லியின் வரிக்கு முதலில் 12 ஆண்டு ஆயுள்தான் வைத்திருந்தார்கள். 2024-இல் அதை நிரந்தரமாக்கும் மெஷர் இசட் சீட்டில் வந்தது, பெரும் ஆதரவோடு நிறைவேறியது. 2014-இல் ஆறு வயதாக இருந்து, பள்ளித் தோட்டத்தில் கீரை பறித்த பிள்ளைக்கு அப்போது 16. பள்ளி வாரியத்துக்கு வாக்களித்தார், இதற்கு முடியவில்லை.

வாக்காளர் கையேட்டைப் படிக்கும் வரிசை

கலிபோர்னியாவில் ஒவ்வொரு வாக்காளருக்கும் தகவல் கையேடு வரும். ஒரு உள்ளூர் மெஷருக்கு அதில் பல அடுக்குகள். சீட்டில் அச்சாகும் கேள்வி 75 சொல்லுக்குள் இருக்கவேண்டும். வரி என்றால் எவ்வளவு, எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு வருவாய் என்று அந்தக் கேள்வியிலேயே சொல்லவேண்டும். நகர வழக்கறிஞர் எழுதும் நடுநிலை விளக்கம் 500 சொல். ஆதரவு வாதம் 300, எதிர் வாதம் 300, ஒருவருக்கொருவர் மறுப்பு 250. கடைசியில் சட்டத்தின் முழு உரை.

பலரும் வாதங்களிலிருந்து தொடங்குகிறார்கள். நான் முழு உரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். கடினம்தான், ஆனால் முதல் வாசிப்பில் மாணவர் தேடவேண்டியது சில விஷயங்களைத்தான்: யார் கட்டுவார்கள், யாருக்கு விலக்கு, எப்போது முடியும், பணத்தை யார் கையாள்வார்கள். அதன் பிறகு 75 சொல் கேள்வியைக் கொடுத்தால், எது உள்ளே வந்தது, எது விடுபட்டது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். வாதங்கள் கடைசியில்தான். அவற்றிலும் கையெழுத்திட்டவர் பெயர்களை முதலில் படிக்கவேண்டும். ஆதரவில் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்தவரும், எதிர்ப்பில் வீட்டு உரிமையாளர் சங்கத்தைச் சேர்ந்தவரும் கையெழுத்திட்டிருந்தால், வாதத்தின் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

2024 பெர்க்லி சீட்டில் இந்த வாசிப்புக்கு ஏற்ற ஒரு ஜோடி இருந்தது. மெஷர் ஈஈ, மெஷர் எஃப்எஃப். இரண்டும் தெருவையும் நடைபாதையையும் செப்பனிட வரி கேட்டன, இரண்டும் மக்கள் கையெழுத்து சேகரித்துக் கொண்டுவந்தவை. வரி விகிதமும் முன்னுரிமையும் வேறு வேறு. இரண்டும் தேறினால் அதிக வாக்கு வாங்கியதே அமலுக்கு வரும். தெரு சரியாகவேண்டும், ஆனால் எஃப்எஃப்-இன் வரி அதிகம் என்று நினைப்பவர் என்ன செய்வார்? இரண்டுக்கும் ‘ஆம்’ போட்டால் பாதுகாப்பு, ஆனால் தனக்குப் பிடிக்காததையும் வலுப்படுத்துகிறார். ஒன்றுக்கு மட்டும் போட்டால் இரண்டுமே தோற்கும் அபாயம். எஃப்எஃப்தான் வென்றது. வேட்பாளர் தேர்தலில் இப்படி ஒரு சிக்கலை மாணவர் சந்திக்கவே மாட்டார்.

ஆசிரியர் எங்கே நிற்பது

பல ஆசிரியர்கள் மெஷர்களைத் தொடாமல் போவதற்குப் பயம்தான் காரணம். கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் ஸ்டான்சன் எதிர் மாட் வழக்கில் தெளிவாகச் சொன்னது: பொதுப் பணத்தையும் பொது வளத்தையும் கொண்டு ஒரு தீர்மானத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ பிரசாரம் செய்யக் கூடாது, நியாயமான தகவல் தரலாம். பள்ளிகளுக்கென்று கல்விச் சட்டத்திலும் இதே தடை இருக்கிறது. வகுப்பறையில் நின்று ‘எச்-சுக்கு ஆம் போடச் சொல்லுங்கள்’ என்று ஆசிரியர் சொல்ல முடியாது.

ஆனால் தகவலுக்குத் தடை கிடையாது. மெஷர் எச் போன்ற ஒன்றில் ஆசிரியரின் வேலையே அந்தப் பணத்தை நம்பியிருக்கலாம். அதை மறைத்துவிட்டு நடுநிலை என்று நிற்பதைவிட, ‘இது நிறைவேறினால் எனக்கு நன்மை உண்டு, எனவே நான் சொல்வதையும் சரிபாருங்கள்’ என்று சொல்லித் தொடங்குவது நேர்மை. வகுப்பில் பாதிக்கு ஆதரவு வாதம், பாதிக்கு எதிர் வாதம் என்று கொடுத்து, மறுநாள் மாற்றிக்கொடுத்தால், தாங்கள் நேற்று எழுதியதையே இன்று உடைக்கவேண்டியிருக்கும். அது நல்ல பயிற்சி. மாதிரி வாக்கெடுப்பு நடத்தினால் ரகசியமாகவே நடத்தவேண்டும். நண்பர்கள் முன்னால் கை தூக்கி எடுக்கும் கருத்து வாக்கு ஆகாது.

குடியுரிமை பற்றிப் பேசாமல் தொடங்கக் கூடாது

இது தமிழ்க் குடும்பங்களுக்கு நேரடியாகப் பொருந்தும் இடம். விரிகுடாப் பகுதிப் பள்ளிகளில் எச்-4 விசாவிலும் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கானது) கிரீன் கார்டிலும் இருக்கும் நம் பிள்ளைகள் ஏராளம். கலிபோர்னியாவில் 16 வயதிலேயே வாக்காளர் முன்பதிவு செய்யலாம். ஏப்ரல், செப்டம்பர் மாதங்களின் கடைசி இரண்டு முழு வாரங்களை உயர்நிலைப் பள்ளி வாக்காளர் கல்வி வாரங்களாகச் சட்டமே குறித்திருக்கிறது. அந்த வாரங்களில் வகுப்பு முழுவதற்கும் பதிவுப் படிவம் சுற்றுக்கு வரலாம், அல்லது போனிலேயே பதிவு செய்யச் சொல்லலாம்.

அந்தப் படிவத்தில் ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற உறுதிமொழி இருக்கிறது. குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்திட்டால் பின்னால் கிரீன் கார்டு, குடியுரிமை விண்ணப்பங்களில் பெரும் சிக்கல் வரும், நாடு கடத்தலுக்கே அது காரணமாகலாம். எல்லாரும் செய்கிறார்கள் என்று பிள்ளை போட்ட ஒரு கையெழுத்து குடும்பத்தையே ஆட்டிவைக்கும். ஆகவே ஆசிரியர் படிவத்தை எடுக்கும் முன்பே, யார் குடிமகன் என்று யாரையும் கேட்காமல், பொதுவாக இதைச் சொல்லிவிடவேண்டும். பெற்றோரும் வீட்டில் சொல்லிவைக்கவேண்டும். எந்தப் பிள்ளையையும் ‘நீ ஏன் நிரப்பவில்லை’ என்று கேட்கக் கூடாது.

வாக்கு இல்லை என்பதால் பாடத்திலிருந்து ஒதுங்கவும் வேண்டாம். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் நேரத்தில் யாரும் பேசலாம், விசா யாரும் கேட்கமாட்டார்கள். 16 வயது நிரம்பிய, 4-க்கு 2.5 மதிப்பெண் சராசரி உள்ள மாணவர் வாக்குச்சாவடிப் பணியாளராகலாம், கிரீன் கார்டு இருந்தால் போதும், உதவித்தொகையும் உண்டு. ஓக்லாண்ட் வாரியத்தில் மாணவர் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள். பக்கத்து சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரே பள்ளி வாரியத்துக்கு வாக்களிக்க 2016-இல் மக்கள் வழிசெய்தார்கள்.

எண்ணுவதும் பாடம்தான்

ஓக்லாண்ட் பள்ளி வாரியத் தேர்தல் தரவரிசை முறையில் நடப்பது. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசை போடவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருப்பவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். 2022 நவம்பரில் நான்காம் மாவட்டத்துக்கான இடத்தில் ஒருவர் வென்றதாகச் சான்று கொடுத்தாயிற்று. டிசம்பர் கடைசியில் கவுண்டி பதிவாளர் அலுவலகம், எண்ணும் மென்பொருளின் அமைப்பு தவறாக இருந்தது என்று அறிவித்தது. முதல் விருப்பத்தை வெற்றாக விட்ட சீட்டுகளை உடனே அடுத்த விருப்பத்துக்கு நகர்த்தியிருக்கவேண்டும், நகர்த்தவில்லை. சரியாக எண்ணினால் மூன்றாவதாக வந்ததாகச் சொல்லப்பட்டவரே வென்றிருந்தார். ஆனாலும் முதலில் சான்று பெற்றவரே பதவியேற்றார். நீதிமன்றம் போய்த்தான் 2023-இல் சரியானது. தவறைக் கண்டது அரசுக்கு வெளியே, வெளியிடப்பட்ட சீட்டுத் தரவை எடுத்துத் தாங்களே எண்ணிப் பார்த்தவர்கள்.

தேர்தல் மேல் அவநம்பிக்கை வரும் என்று இதை மாணவரிடம் மறைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரவு பொதுவில் இருந்ததால்தான் தவறு பிடிபட்டது. கணித ஆசிரியர் இருபது சீட்டுகளை எழுதி, வெற்று முதல் விருப்பத்தை இரண்டு விதமாகக் கையாண்டு எண்ணிக் காட்டினால், வெற்றியாளர் மாறுவதை மாணவர் கண்ணால் பார்ப்பார்.

மிச்சப் பாதி

பள்ளி வரியிலும் பள்ளிக் கடன் பத்திரத்திலும் 16 வயதினருக்கு வாக்கு வேண்டுமா? வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வரி கட்டாதவர் வரியை முடிவு செய்யலாமா என்று கேட்பார்கள். வீட்டு வரி ரசீது தன் பெயரில் வராத வாடகைதாரரும் இன்று வாக்களிக்கிறார். கடைசியில் கட்டப்போவது யார் என்று பார்த்தால் பதில் இன்னும் தெளிவு. 2020 நவம்பரில், கியூகியூ இருந்த அதே ஓக்லாண்ட் சீட்டில், மெஷர் ஒய் என்று 73.5 கோடி டாலர் பள்ளிக் கடன் பத்திரம் இருந்தது, நிறைவேறியது. இப்படிப்பட்ட கடனை அடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அன்று 16 வயதாக இருந்தவர் அதே ஊரில் வேர்விட்டால், வாக்களித்தவர்களில் பலரைவிட நீண்ட காலம் அதைக் கட்டுவார். 16 வயதுக்காரருக்கு இதெல்லாம் புரியாது என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் இன்று பள்ளிகள் கற்பிக்கும் விதத்தில் 40 வயதுக்காரர் பலருக்கும் புரிவதில்லை. புரியவைக்கக்கூடிய இடம் வகுப்பறை, அது ஏற்கனவே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பருவம் அமெரிக்க அரசியல் பாடம் கலிபோர்னியாவில் கட்டாயம்.

நாள்காட்டியும் கைகொடுக்கிறது. நவம்பர் தேர்தலுக்கான மெஷர்கள் 88 நாளுக்கு முன்பே, அதாவது ஆகஸ்ட் முதல் பாதியில், தேர்தல் அலுவலகத்துக்கு வந்துவிடும். அதன்பின் கேள்வி, விளக்கம், வாதங்கள் ஆகியவற்றைப் பத்து நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். சொல் தவறு, திரிபு என்று நினைக்கும் வாக்காளர் அந்த நாள்களில் நீதிமன்றம் போகலாம். 2014-இல் பெர்க்லி சோடா வரிக் கேள்வியின் சொற்கள் மீதே அப்படி வழக்கு நடந்தது. பள்ளி திறக்கும் காலமும் அதுதான். ஆகஸ்ட் இறுதியில் முழு உரை, செப்டம்பரின் வாக்காளர் கல்வி வாரங்களில் வாதங்களும் துண்டறிக்கைகளும் என்று பாடத்தை வைத்தால், அக்டோபர் தொடக்கத்தில் தபால் வாக்குச்சீட்டுகள் வீடுகளுக்கு வரும்போது, அதில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன பொருள் என்று அப்பா அம்மாவுக்குச் சொல்லும் நிலையில் அந்த மாணவர் இருப்பார்.